கை பழகியிருக்கிறது, வாய் பழக வேண்டும்

பெருந்துறையில் ஹவுஸ் சர்ஜன் முடித்து, வெளிநாட்டு மருத்துவர்கள் இங்கிலாந்தில் பணியாற்ற எழுதும் பிளாப் (PLAB) இரண்டாம் தேர்விலும் மான்செஸ்டரில் தேறிய அம்மிணி ஒருவர் கேட்கிறார்: "இங்கிலாந்தில் இளநிலை மருத்துவர் வேலை நம் ஊர் போலத்தானாங்க அண்ணா?"

நேரக் கணக்கில் இல்லை, அம்மிணி. நம் ஊரில் காலையில் டியூட்டிக்குப் போனால் மறுநாள்தான் விடுதி. இங்கே பயிற்சி மருத்துவர் ஒப்பந்தப்படி ஒரு ஷிப்ட் 13 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வாரச் சராசரி 48 மணி நேரம். தாண்டினால் கூச்சப்படாமல் எழுதிக் கொடுங்கள். மருத்துவமனை தனியாக நியமிக்கும் பணி என்றால், ஒப்பந்தத்தை வரி விடாமல் படியுங்கள். 2024 செப்டம்பரிலிருந்து இளநிலை மருத்துவர் என்ற பெயர் 'ரெசிடென்ட் டாக்டர்' ஆகிவிட்டது, வேலை அதேதான்.

பெருந்துறையில் நெடுஞ்சாலை விபத்தும் பாம்புக்கடியும் பார்த்துவிட்டு வருகிறீர்கள். இங்கே மெடிக்கல் வார்டில் பெரும்பாலும் முதியவர்கள்: விழுந்தவர்கள், நினைவு தடுமாறியவர்கள், குணமாகியும் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கட்டிலிலேயே இருப்பவர்கள். பகலில் பாதி நேரம் கணினி தின்றுவிடும். ரவுண்ட்ஸ் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேனுக்காக ரேடியாலஜியிடம் மன்றாடல். நரம்பே கிடைக்காத பாட்டிக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் ஊசிக்குழாய்) போட மட்டும் நம் பிள்ளைகளை மிஞ்ச ஆளில்லை.

இரவுதான் கதை வேறு. பல வார்டுகளுக்கு நீங்கள் ஒருவர், இடுப்பில் பிளீப் என்ற அழைப்புக் கருவி. பின்னிரவு 3 மணிக்கு நர்ஸ் கூப்பிட்டு "நியூஸ் ஏழு" என்பார். மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல், நினைவு ஆகியவற்றைப் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. 5 என்றாலே விரைந்து பார்க்க வேண்டும். 7 என்றால் அவசரம். ஓடிப்போய்ப் பாருங்கள், தேவைப்பட்டால் ஆக்சிஜன் வையுங்கள், ரத்தம் எடுத்து அனுப்புங்கள், உங்களுக்கு மேலே இருக்கும் மூத்த மருத்துவரான ரெஜிஸ்ட்ராரைக் கூப்பிடுங்கள். சாரைத் தொந்தரவு செய்யலாமா என்ற தயக்கமே வேண்டாம். போனை எடுக்கத்தான் அவருக்குச் சம்பளம்.

போனில் நான் யார், நோயாளி யார், என்ன ஆகிறது, எனக்கு என்ன வேண்டும் என்று நான்கையும் சொல்ல வேண்டும். நம் பக்கத்துப் பிள்ளைகள் முதல் மூன்றையும் அழகாகச் சொல்வார்கள். "நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்ற நான்காவதை மரியாதை கருதி விழுங்கிவிடுவார்கள். எதிர்முனையில் இருப்பவரோ தகவல் சொல்லத்தான் கூப்பிட்டார்கள் என்று போனை வைத்துவிடுவார்.

சேர்ந்த வாரமே இரவுப் பணி போட்டிருந்தால், "சில நாள் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறேன்" என்று சேரும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். புதிதாக வருபவர் கேட்பது இங்கே வழக்கம்தான். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.