எஸ்ஓபி யார் கையில் இருக்க வேண்டும்? கேள்வி பதில்

வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரப் பிரிவில் 26 வருடம் இருந்தவன். எஸ்ஓபி, அதாவது ஒரு வேலையை இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த முறை, பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

சார், எஸ்ஓபிப்படி மெஷின் நின்ற பிறகுதான் பிசிறு எடுக்க வேண்டும். எங்கள் ஆபரேட்டர் ஒருவர் மெஷின் ஓடும்போதே முந்தைய பீஸுக்குப் பிசிறு எடுத்துவிடுகிறார், நேரம் மிச்சம். ஹெட் ஆபீஸுக்கு எழுதி இரண்டு மாதம் ஆகிறது, பதில் இல்லை. (ஷிப்ட் சூப்பர்வைசர், ஓசூர்)

மெஷின் கதவு மூடியிருக்கிறதா, கஸ்டமர் ஒப்புக்கொண்ட கன்ட்ரோல் பிளானில் (எந்தக் கட்டத்தில் எதை எப்படிச் சோதிப்பது என்ற அட்டவணை) அந்த வரிசை கட்டாயமா, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். கட்டாயம் என்றால் அது ஃபோர் எம் சேஞ்ச், அதாவது ஆள், மெஷின், பொருள், முறை நான்கில் ஒன்று மாறுவது. கஸ்டமருக்குச் சொல்லாமல் தொடாதீர்கள். இல்லையென்றால் ஒரே மெஷின், ஒரே ஷிப்ட், ஒரு வாரம் சோதனை. பீஸைத் தனி ட்ரேயில் வைத்து, நேரத்தையும் ரிஜெக்‌ஷனையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

கோளாறு அந்த இரண்டு மாதத்தில்தான். பதில் வராவிட்டால் ஆட்கள் கேட்பதைத்தான் விடுவார்கள், செய்வதை விடமாட்டார்கள். நைட் ஷிப்டில் போய்ப் பாருங்கள், ஒரே வேலைக்கு எத்தனை விதமான எஸ்ஓபி ஓடுகிறது என்று தெரியும். அனுமதிக்கு நாள் கெடு வைக்காத ஹெட் ஆபீஸுக்கு ஸ்டாண்டர்ட் பற்றிப் பேச அருகதை இல்லை.

எல்லாவற்றையும் எழுதிவைத்தால் தொழிலாளி யோசிக்கவே மாட்டாரே?

யார் எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது. கலிஃபோர்னியா ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடிய ஆலையை, டொயோட்டாவோடு சேர்ந்து 1984-ல் நம்மி என்ற பெயரில் திறந்தார்கள். ஆட்களில் பெரும்பாலோர் பழையவர்களே, சங்கமும் அதேதான். முன்பு நேரம் பார்த்து வேலை முறையை முடிவு செய்யும் ஸ்டாப்வாட்ச், இன்ஜினியர் கையில் இருந்தது. நம்மியில் அதை டீமிடம் கொடுத்தார்கள். ஒருவர் வேலையை மற்றவர் நேரம் பார்த்து, நல்ல முறையைத் தேர்ந்து, அதே வேலை செய்யும் அடுத்த ஷிப்டோடும் பேசி எழுதினார்கள். எழுதிய பிறகு எல்லோரும் அப்படியே செய்ய வேண்டும், மாற்ற வேண்டுமென்றால் மறுபடி பேச வேண்டும். முறையே இல்லாத இடத்தில் முன்னேற்றத்தை எதோடு ஒப்பிட்டு அளப்பீர்கள்?

ஆளுக்கு மாதம் இரண்டு கைசென் (சின்னச் சின்ன முன்னேற்ற யோசனை) டார்கெட். சரியா அண்ணா?

“டஸ்ட்பின்னை இடம் மாற்றலாம்” என்று நூறு சீட்டு வரும் தம்பி. எண்ணுவதானால், கொடுத்த யோசனைக்கு எத்தனை நாளில் பதில் போனது என்று எண்ணுங்கள்.

சாஃப்ட்வேர் டீம்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ‘முடிந்தது’ என்றால் என்ன என்பதற்கு நிறுவனம் முழுக்க ஒரு வரையறை இருந்தால், எல்லா டீமும் அதைக் குறைந்தபட்சமாகப் பின்பற்ற வேண்டும் என்கிறது, ஸ்க்ரம் என்ற சாஃப்ட்வேர் டீம் வேலைமுறையின் கையேடு. அதற்கு மேல் கடுமையாக்குவது டீம் இஷ்டம். காலை மீட்டிங் எத்தனை மணிக்கு என்பதிலெல்லாம் கம்பெனி தலையிட வேண்டாம்.

நாலு யூனிட்டில் நாலு விதமாக வேலை நடக்கிறது. எதைப் பொதுவாக்குவது? (பம்ப் தொழிற்சாலை, கோவை)

பாதுகாப்பு, டிராயிங்கில் முக்கியமென்று குறித்த அளவுகள், கேஜ் காலிபரேஷன் (அளவுக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனை) மூன்றிலும் பேரம் கிடையாது. மேசை எந்தப் பக்கம், டூல் எந்தத் தட்டில் என்பது அவரவர் பாடு.

பலர் மறப்பது குறைகளின் பெயர். வார்ப்பில் விழும் வாயுத் துளையை ஒரு யூனிட்டில் ‘பின் ஹோல்’ என்றால், அதையே இன்னொன்றில் ‘ப்ளோ ஹோல்’ என்று எழுதுவார்கள். பிறகு யார் ரிஜெக்‌ஷன் அதிகம் என்று மாதாந்திரக் கூட்டத்தில் சண்டை! எஸ்ஓபியைத் தொடுவதற்கு முன் நாலு யூனிட்டின் ரிஜெக்ட் காஸ்டிங்கையும் ஒரே மேசையில் பரப்புங்கள். ஃபவுண்டரி ஆட்களே பேசி முடிவு செய்து பெயர்ச்சீட்டு ஒட்டட்டும். அரை நாள் வேலை.