பிள்ளைக்கு ஹெல்மெட், தாலிக்கொடிக்கு நாலாவது அடைவு

கேள்வி:

வணக்கம் ஐயா. நான் கோண்டாவிலில் இருக்கிறேன். அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை. வெட்டுக்கள் எல்லாம் போகக் கையில் வருவது 58,000 ரூபா. மனைவி வீட்டில் தைக்கிறா, அதில் மாதம் 15,000 மட்டில் வரும்.

எங்கள் மகனுக்கு ஐந்து மாதம். பின்தலை வலது பக்கம் தட்டையாக இருக்கிறது. லண்டனில் இருக்கும் என் அக்கா வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "தம்பி, பிள்ளையின்ர தலை சப்பையாக் கிடக்கு, நீங்கள் ஒருத்தரும் பாக்கேல்லையே? உடன ஹெல்மெட் போடோணும், எங்கட சின்னவனுக்கும் போட்டனாங்கள்" என்று சொன்னா. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அழைப்பு. சென்னையில் செய்யும் ஓர் இடத்தையும் அவவே தேடித் தந்தா. அங்கே தலையை அளக்கும் ஸ்கேன் இலவசமாம். ஹெல்மெட் எங்கள் காசில் 280,000, போய்வரும் செலவு 70,000, மொத்தம் மூன்றரை இலட்சம். "அரைவாசி நான் தாறன், நீ இப்ப போடு" என்கிறா.

வங்கியில் ஏற்கெனவே மூன்று அடைவுத் துண்டு இருக்கிறது: தாலிக்கொடி 200,000, இரண்டரைப் பவுண் சங்கிலி 140,000, காப்புச் சோடி 110,000. வட்டி ஆண்டுக்கு 14 வீதம். 2023இல் 180,000க்குத் தொடங்கியது. அக்கா குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது குளியலறைக்கு டைல்ஸ் பதித்தோம். அடுத்த வருடம் அவவின் மகளின் சாமத்திய வீட்டுக்கு நகையும் சேலைகளும் அனுப்ப 130,000 மேலே எடுத்தேன். இந்த முறை மகனின் முப்பத்தொன்றாம் நாள் கொண்டாட்டத்தை ஹோல் எடுத்துச் செய்ய 140,000. பவுண் விலை ஏறியிருப்பதால் அதே நகைகளுக்கு இன்னும் காசு தரலாம் என்று வங்கியில் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கும் தருவதாகச் சொல்கிறார். மனைவி ஒன்றும் சொல்லாமல் இருக்கிறா. நாளைக்குப் பிள்ளை வளர்ந்து "ஏன் செய்யேல்லை" என்று கேட்டால் என்ன சொல்வது? எதில் எடுப்பது நல்லது?

பதில்:

தம்பி, அடைவுக்கு வட்டி ஓடும், தவணை தவறினால் ஏலத்தில் போகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். துண்டுகளின் தொகையைப் பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். நண்பரின் நூற்றுக்கு ஐந்து மாதவட்டியாகத்தான் இருக்கும். அதன் பெயர் மீற்றர் வட்டி. மூன்றரை இலட்சத்துக்கு மாதம் 17,500. அந்தப் பக்கமே போகவேண்டாம், அதில் வேறு கதை இல்லை.

வங்கியா நண்பரா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் காசை இப்போது எடுக்கத்தான் வேண்டுமா என்று நான் முதலில் கேட்கிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் பிள்ளையின் தலையைப் பற்றி ஒரு வைத்தியர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அக்கா சொன்னது இருக்கிறது, சென்னைக்காரர் சொன்ன விலை இருக்கிறது. யாழ் போதனா வைத்தியசாலை உங்கள் வீட்டிலிருந்து கொஞ்சத் தூரம். அங்கே குழந்தை வைத்தியரிடம் காட்ட ஒரு சதமும் தேவையில்லை.

நான் வைத்தியன் இல்லை. ஆனால் மூன்றரை இலட்சம் போகிற இடத்தைப் பற்றி விசாரிக்காமல் பதில் எழுத முடியாது. குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைத்தால் தூக்கத்தில் திடீரென இறப்பது குறையும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 1992இல் சொன்ன பிறகு, அந்த இறப்புகள் நன்றாகக் குறைந்தன. கூடவே பின்தலை தட்டையாகும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியது. அது மூளை வளர்ச்சியைத் தடுக்கிற விஷயம் அல்ல, தோற்றத்தைப் பற்றியது. பிள்ளை உருண்டு, எழும்பி இருக்கத் தொடங்கினால் பெரும்பாலும் தானே தணிந்துவரும்.

ஹெல்மெட் வேலை செய்யும் விதம் எளிது. தட்டையான பக்கம் இடம் விட்டு, புடைத்த பக்கத்தைப் பிடித்துவைக்கும். தலை வளர வளர அந்த இடம் நிரம்பும். இதை நெதர்லாந்தில் சோதித்துப் பார்த்தார்கள். ஐந்து, ஆறு மாதத்துப் பிள்ளைகள் 84 பேர். பாதிக்கு ஹெல்மெட், பாதிக்கு ஒன்றுமில்லை. 2014இல் முடிவு வெளிவந்தது. இரண்டு வயதில் தலை முழுதாகச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் 26 வீதம், போடாதவர்களில் 23 வீதம். பெரிய வித்தியாசம் இல்லை. போட்ட பிள்ளைகளின் பெற்றோர் எல்லோருமே தோல் சிவப்பது, வியர்வை, மணம் என்று ஏதாவதொரு பக்கவிளைவைச் சொன்னார்கள். அது நெதர்லாந்துக் குளிரில். ஒரு நாளைக்கு 23 மணித்தியாலம் போட்டிருக்க வேண்டிய சாமானைச் சித்திரை வெயிலில் கோண்டாவிலில் ஒரு பிள்ளையின் தலையில் வைத்துப் பாருங்கள்.

சரி, அதற்காக ஹெல்மெட்டே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. அந்தச் சோதனையில் மிகக் கடுமையான தட்டை உள்ள பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. மற்ற வழிகளில் சரிவராத கடுமையான தட்டைக்கு ஹெல்மெட் உதவும் என்று அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் 2016 வழிகாட்டல் சொல்கிறது. உங்கள் மகன் அந்த வகையா என்று அளந்து சொல்ல வேண்டியவர் ஹெல்மெட் விற்காத ஒருவர். சென்னைக்காரர் "ஸ்கேன் இலவசம்" என்கிறாரே, சாமான் விற்கிறவரே தலையை அளந்தால் எந்தப் பிள்ளையின் தலை அவருக்குச் சரியாக இருக்கும்?

வைத்தியரிடம் போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மண்டையோட்டின் பொருத்துகள் நேரத்துக்கு முன்பே ஒட்டிக்கொள்கிற நோய் ஒன்று உண்டு. அரிது. அப்படியென்றால் ஹெல்மெட் மட்டும் போதாது, பெரும்பாலும் அறுவை தேவை. கழுத்துத் தசை ஒரு பக்கம் இறுகி, பிள்ளை எப்போதும் வலதுபக்கமே திரும்பிப் படுப்பதும் இருக்கலாம். அதற்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிரிவு அரச ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. கிளினிக்கில் தலைச் சுற்றளவையும் அளந்து பதியச் சொல்லுங்கள். மனைவி தைக்கிற நேரத்தில் பிள்ளை ஏணையிலேயே கிடக்கிறானா என்று யோசித்துப் பாருங்கள். முழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்து குப்புறக் கிடத்தலாம், தூக்கி வைத்திருக்கலாம். நித்திரைக்கு மட்டும் மல்லாக்கத்தான். தலைமாட்டை மாற்றிப் போட்டால் வெளிச்சம் வருகிற பக்கம் பார்க்கத் தானாகத் திரும்புவான். அம்மம்மாமார் குளிக்கவார்க்கும்போது தலையைப் பிடித்து உருட்டுகிற வேலையும் வேண்டாம். இதற்கெல்லாம் வட்டி இல்லை.

இனிக் கணக்கு. உங்கள் மூன்றரை இலட்சமே பிழை. தலை வளர்கிற வேகத்துக்கு ஏற்ப ஹெல்மெட்டை இரண்டு, மூன்று கிழமைக்கு ஒரு தடவை உள்ளே சீவித் திருத்த வேண்டும். ஒரு தடவை போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிட முடியாது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் ஓடுவது வசதிதான், ஆனால் ரிக்கெற் சும்மா கிடைப்பதில்லை. மூன்று மாதத்துக்கு இன்னும் நாலு தடவை என்று குறைத்தே போடுவோம். உங்கள் கணக்கின்படி தடவைக்கு 70,000, நாலுக்கு 280,000. மொத்தம் 630,000. அக்காவின் பாதி கைக்கு வரும்வரை அது முழுதும் உங்கள் கடன்தான். ஏற்கெனவே உள்ள 450,000உடன் சேர்த்தால் 1,080,000. அதற்கு 14 வீதம் ஆண்டுக்கு 151,200, மாதம் 12,600. இரண்டு பேரும் உழைக்கிற 73,000இல் பதினேழு வீதம் வட்டிக்கே போகும், முதல் தொகையில் ஒரு ரூபாவும் குறையாமல். அந்த நாலு பயணத்துக்கும் நீங்கள் லீவு எடுப்பதையும் மனைவியின் தையல் நின்றுபோவதையும் நான் சேர்க்கவில்லை.

இப்போது உங்களை உண்மையில் தின்றுகொண்டிருக்கிற பழக்கத்துக்கு வருவோம். டைல்ஸ், சாமத்திய வீடு, ஹோல், இப்போது ஹெல்மெட். நாலும் வேறுவேறு செலவு மாதிரித் தெரிகிறது. நாலிலும் நடந்தது ஒன்றுதான்: லண்டனிலிருந்து ஓர் அழைப்பு வருகிறது, அடுத்த கிழமை நீங்கள் வங்கியில் நிற்கிறீர்கள். அடைவைத் திருப்பி வைக்கிற ஒவ்வொரு முறையும் பவுண் விலை ஏறியிருக்கிறது, "இன்னும் எடுக்கலாம்" என்று உத்தியோகத்தர் சொல்கிறார், நீங்களும் எடுக்கிறீர்கள். 180,000 இப்போது 450,000. முதல் வருடம் வட்டி இருபது வீதத்தில் நின்ற காலம், அதற்கு 36,000 கட்டியிருப்பீர்கள். அடுத்ததுக்கு 15 வீதம் என்று போட்டால் 46,500. இந்த வருடத்துக்கு 63,000. கிட்டத்தட்ட ஒன்றரை இலட்சம் வட்டிக்கே. பவுண் விலை ஏறினால் நகை வைத்திருக்கிறவனுக்கு இலாபம் என்பார்கள். உங்கள் வீட்டில் விலை ஏற ஏறக் கடன்தான் ஏறியிருக்கிறது.

மகனின் முப்பத்தொன்று வீடியோவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். தாலிக்கொடியும் காப்பும் சங்கிலியும் வங்கியில் இருக்க, உங்கள் மனைவி கழுத்திலும் கையிலும் போட்டிருந்தது என்ன? அவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறா என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்டீர்களா? சீதனமாக வந்த நகை மனைவியின் தனிச் சொத்து, தேசவழமையும் அப்படித்தான் சொல்கிறது. கையெழுத்துப் போடப் போகமுன் அவரிடம் கேளுங்கள். பிள்ளையை நாள் முழுக்கப் பார்க்கிறவர் அவர்தான். தலை முன்பைவிடப் பரவாயில்லையா இல்லையா என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது. சங்கிலியை விற்றுவிடுங்கள். நகையை விற்பது குறைச்சல், அடைவில் இருந்தால் நகை இருக்கிறது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. மூன்று வருடம் யாரும் போடாத நகைக்கு வட்டி கட்டுவது மட்டும் எந்த மரியாதையில் சேர்த்தி? கணக்கைப் பாருங்கள். பவுணுக்குக் கையில் இரண்டேகால் இலட்சம் என்று குறைத்துப் போட்டாலும் இரண்டரைப் பவுணுக்கு 562,500. மூன்று துண்டும் 450,000, முப்பத்தொன்றிலிருந்து ஓடிய வட்டி 21,000 மட்டில். தாலிக்கொடியும் காப்பும் வீட்டுக்கு வந்து, கையில் 90,000 சொச்சம் மிஞ்சும். சங்கிலியை மீட்கவே முதலில் காசு வேண்டும் என்பீர்கள். நகைக்கடைக்காரர் வங்கிக்குக் கூடவந்து மீட்டு வாங்குவது நடக்கிற காரியம்தான். தெரிந்த கடையாகப் பாருங்கள், இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்ட பிறகு கொடுங்கள்.

மனைவிக்கு விற்க விருப்பமில்லையா? சரி, காப்புத் துண்டில் தொடங்குங்கள், அதுதான் சின்னது. அடைவில் பகுதி பகுதியாகக் கட்டலாம். ஹெல்மெட் கடனுக்கு வட்டியாகக் கட்டத் தயாராக இருந்த பணத்தை இதில் போட்டால் மாதம் 7,350 வரும், ஒன்றரை வருடத்துக்குள் காப்பு கைக்கு வரும். மற்ற இரண்டு துண்டையும் திருப்பி வைக்கும்போது மேலே ஒரு சதமும் எடுக்கவேண்டாம். அவர்கள் கேட்பார்கள். "வேண்டாம்" என்றால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை.

அக்காவைப் பற்றி. அவ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, மருமகனில் உள்ள பாசம். ஆனால் டைல்ஸ் பதித்த நேரமும் பாதி தருவதாகச் சொன்னாவா, பிறகு கேட்கக் கூச்சமாகிவிட்டதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று. இங்கிலாந்தில் அரச மருத்துவ சேவை இந்த ஹெல்மெட்டை வழக்கமாகக் கொடுப்பதில்லை. அங்கேயும் போடுகிறவர்கள் சொந்தக் காசில் போடுகிறார்கள். அவ பவுண்ஸில் சம்பளம் எடுத்துச் செய்ததை நீங்கள் அடைவில் செய்யப் பார்க்கிறீர்கள். அடுத்த அழைப்பில் இப்படிச் சொல்லுங்கள்: "அக்கா, பெரியாஸ்பத்திரியில காட்டப்போறம். டொக்டர் ஹெல்மெட் வேணும் எண்டு எழுதித் தந்தால் உங்கட பாதியை முதல்ல அனுப்புங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்." இதில் கோபமும் இல்லை, மறுப்பும் இல்லை. வைத்தியர் அப்படியே எழுதித் தந்தால் கையில் உள்ள தொண்ணூறாயிரத்தோடு தொடங்கலாம், அப்போது திரும்ப எழுதுங்கள்.

நாளைக்குப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். அவனைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போனதைச் சொல்லலாம். ஆனால் அதைத் தள்ளிப்போடவேண்டாம். ஹெல்மெட் தேவை என்றாலும் தேவையில்லை என்றாலும், இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் கணக்கு. இந்தக் கிழமையே ஒரு நாள் லீவு எடுங்கள்.

கடைசியில் ஒன்று. நடுவில் குழி உள்ள தலையணை இணையத்தில் விற்கிறார்கள், தலை உருண்டு வரும் என்று. அக்காவோ வேறு யாரோ அதை அனுப்பியிருந்தால் பிள்ளையின் தலைக்குக் கீழிருந்து எடுத்துவிடுங்கள். மூச்சு அடைக்கும் அபாயம் உண்டு, வாங்கவேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்த பொருள் அது.