சென்சரி ஊஞ்சலை எச்.எஸ்.ஏ. கார்டில் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம். நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறோம். எங்கள் ஆறு வயது மகனுக்கு ஆட்டிசம் என்று போன வருடம் உறுதி செய்தார்கள். வீட்டில் மாட்டும் சென்சரி ஊஞ்சல், எடை கூட்டிய போர்வை, கடித்து மெல்லும் சிலிக்கான் மாலை, சத்தம் குறைக்கும் இயர்மஃப் எல்லாம் வாங்கச் சொல்லி அவனுடைய ஓ.டி. (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும்) தெரபிஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். மொத்தம் 900 டாலர் வரும். கணவருக்கு வேலையில் எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் சேமிக்கும் கணக்கு) இருக்கிறது. கடையின் தளத்தில் 'எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. செல்லும்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தக் கார்டிலேயே வாங்கிவிடலாமா? 2026-க்கு என் கம்பெனியில் எஃப்.எஸ்.ஏ.வும் (மருத்துவச் செலவுக்குச் சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்கும் கணக்கு) எடுக்கலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: கார்டில் வாங்கலாம், ஆனால் அதற்கு முன் டாக்டரின் கடிதம் ஒன்று கைக்கு வந்துவிட வேண்டும். அதைவிட அவசரமானது உங்கள் கேள்வியின் கடைசி வாக்கியம். தயவுசெய்து அந்த எஃப்.எஸ்.ஏ.வில் சேராதீர்கள்.

நீங்கள் எடுக்கும் சாதாரண எஃப்.எஸ்.ஏ. உங்கள் கணவரின் மருத்துவச் செலவுக்கும் பணம் தரக்கூடியது. ஆகவே எச்.எஸ்.ஏ.வுக்கு அவசியமான ஹை டிடக்டிபிள் திட்டத்தோடு (முதலில் ஒரு பெரிய தொகைவரை நாமே கட்ட வேண்டிய காப்பீடு) அவருக்கு இன்னொரு காப்பீடும் இருப்பதாக ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித் துறை) எடுத்துக்கொள்ளும். அது நடப்பில் இருக்கும் மாதங்களுக்கு அவர் எச்.எஸ்.ஏ.வில் ஒரு டாலர்கூடப் போட முடியாது. மீறிப் போட்ட தொகையை வெளியே எடுக்கும்வரை வருடா வருடம் 6 சதவீதம் அபராத வரி. இரண்டு பேரும் வேறு வேறு கம்பெனி என்பதால் எந்த எச்.ஆரும் இதைச் சொல்லி எச்சரிக்க மாட்டார்கள். பல் மற்றும் கண் செலவுக்கு மட்டுமான லிமிடெட் எஃப்.எஸ்.ஏ. என்றால் பிரச்சினை இல்லை.

இரண்டில் ஒன்றுதான் என்றால் உங்களுக்கு எச்.எஸ்.ஏ.தான் நல்லது. 2026-க்குக் குடும்ப வரம்பு 8,750 டாலர். செலவழிக்காத பணம் கணக்கிலேயே இருக்கும். எஃப்.எஸ்.ஏ.வுக்கு 3,400 டாலர்தான் வரம்பு. மிச்சத்தில் அதிகபட்சம் 680 டாலர் அடுத்த வருடத்துக்குப் போகும், அதுவும் கம்பெனி அனுமதித்தால்.

சரி, கடிதத்துக்கு வருவோம். ஒரு நோயையோ குறைபாட்டையோ கண்டறிய, குணப்படுத்த, தணிக்க, தடுக்க ஆகும் செலவைத்தான் வரிச் சட்டம் மருத்துவச் செலவு என்கிறது. எடை கூட்டிய போர்வையைச் சுகமான தூக்கத்துக்காக யார் வேண்டுமானாலும் வாங்குகிறார்கள். அது மருத்துவச் செலவு ஆகாது. அதே போர்வை உங்கள் மகனுக்குச் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதைக் காட்டுவதுதான் இந்த மருத்துவத் தேவைக் கடிதம். அதில் அவன் பெயர், நோய் நிர்ணயம், ஒவ்வொரு பொருளின் பெயர், அது எந்தச் சிரமத்தைக் குறைக்கிறது, எவ்வளவு காலத்துக்குத் தேவை ஆகியவை இருக்க வேண்டும். 'சென்சரி பொருட்கள்' என்று பொத்தாம் பொதுவாக எழுதி வாங்காதீர்கள். ஓ.டி. எழுதிய குறிப்பை அவனுடைய குழந்தை மருத்துவரிடம் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள். கடிதத்தின் தேதி ரசீதின் தேதிக்கு முந்தியதாக இருக்கட்டும்.

கடை போட்டிருக்கும் அறிவிப்பை நம்பி இருந்துவிடாதீர்கள். சில நிறுவனங்கள் ஆன்லைனில் நாலு கேள்வி கேட்டு அவர்களே கடிதமும் தந்துவிடுகிறார்கள். நாமே நிரப்பிய தகவலை மட்டும் வைத்து எழுதிய டாக்டர் குறிப்பு, பொது ஆரோக்கியச் செலவை மருத்துவச் செலவாக்கிவிடாது என்று 2024 மார்ச்சில் ஐ.ஆர்.எஸ். எச்சரித்தது. உங்கள் மகனை நேரில் பார்த்து வரும் டாக்டர் இருக்கும்போது அந்தக் குறுக்கு வழி எதற்கு?

எச்.எஸ்.ஏ. கார்டைத் தேய்க்கும்போது யாரும் கடிதம் கேட்க மாட்டார்கள். பல வருடம் கழித்து ஆடிட் வந்தால் காட்ட வேண்டியது நீங்கள்தான். அப்போது காகிதம் இல்லையென்றால், நீங்கள் 22 சதவீத வரி வரம்பில் இருப்பதாக வைத்துக்கொண்டால், வரியும் 20 சதவீத அபராதமும் சேர்ந்து 378 டாலர். ஒழுங்காகச் செய்தால் வருமான வரியும், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேருக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் 7.65 சதவீதமும் மிச்சமாகி, 900 டாலரில் சுமார் 267 டாலர் உங்களுடையது. ஆனால் நியூ ஜெர்சி எச்.எஸ்.ஏ.வுக்கு மாநில வரிச் சலுகை தருவதில்லை, அதனால் அந்தக் கணக்கைச் சேர்க்கவில்லை.

இயர்மஃபுக்குப் பதில் பாட்டுக் கேட்கும் ப்ளூடூத் ஹெட்போன் வாங்கினால் வாதாடுவது கஷ்டம். அண்ணன் தங்கைக்கும் சேர்த்து வாங்கும் விளையாட்டுச் சாமான்களைத் தனி பில்லில் சொந்தப் பணத்தில் வாங்குங்கள்.

ஏபிள் கணக்கு (குறைபாடு உள்ளவர்களுக்கான சேமிப்புக் கணக்கு) பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். மகனின் குறைபாடு அதற்குரிய கடுமையான அளவில் இருப்பதாக அவர் சான்று தந்தால் திறக்கலாம். போடும் பணத்துக்கு மத்திய வரிச் சலுகை கிடையாது, ஆனால் வளர்ச்சிக்கு வரி இல்லை. குறைபாடு தொடர்பாக அவன் வாழ்க்கைத் தரத்தை உயர்த்தும் செலவு எதற்கும் எடுக்கலாம் என்பதால், எச்.எஸ்.ஏ.வில் இழுபறியாகும் பொருட்களுக்கு அது உதவும்.

அப்புறம், ஓ.டி., ஸ்பீச் தெரபி கோ-பே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் பங்கு) எல்லாம் எச்.எஸ்.ஏ.விலிருந்தே கட்டலாம். தெரபிக்குக் கார் ஓட்டிப் போய்வரும் தூரத்துக்கும் எடுக்கலாம். 2025-க்கு மைலுக்கு 21 சென்ட், பார்க்கிங்கும் டோலும் தனி. எச்.எஸ்.ஏ. திறந்த பிறகு நடந்த செலவாக இருந்தால் போதும், பணத்தை எப்போது எடுப்பது என்பதற்குக் கெடு இல்லை. இந்த வருடத் தேதிகளையும் மைல்களையும் ஒரு நோட்டில் இன்றே எழுத ஆரம்பியுங்கள்.