நிறுவவும் முடியாமல் நீக்கவும் முடியாமல் நிற்கும் பொதியை உபுண்டுவிலிருந்து எடுப்பது எப்படி?

உங்கள் நிலைமையை நான் புரிந்துகொண்டது இவ்வாறு: உபுண்டு 22.04 உள்ள மேசைக்கணினியில், அச்சுப்பொறி தயாரித்தவர்களின் தளத்திலிருந்து இறக்கிய டெப் கோப்பை (உபுண்டுவில் மென்பொருளைக் கட்டித் தரும் பொதி) நிறுவும்போது பாதியில் பிழை வந்தது. நீக்க முயன்றாலும் பிழை வருகிறது. இப்போது வேறு எந்த மென்பொருளை நிறுவினாலும் கடைசியில் அதே அச்சுப்பொறிப் பொதியின் பெயர் வந்து நிற்கிறது. ஆகவே இயங்குதளத்தையே புதிதாகப் போட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். என் கணினியில் ஒரு ஸ்கேனர் பொதி இதே போல மாட்டிக்கொண்டபோது, காரணம் தெரிந்த பிறகு சரிசெய்யக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. காரணத்தைத் தேடாமல் கண்ட கட்டளைகளை எல்லாம் ஓட்டிப் பார்த்ததில்தான் அதற்கு முந்தைய இரண்டு நாட்கள் போயின.

நீங்கள் படியெடுத்துப் போட்டிருக்கும் கடைசி வரி, டிபிகேஜி பிழைக்குறி 1 தந்தது என்பது மட்டுமே. அது, நீங்கள் மென்பொருளை நிறுவ அழைக்கும் கருவியான ஆப்ட் சொல்லும் வரி. ஆப்ட், பொதிகளை இணையத்திலிருந்து கொண்டுவந்து வரிசைப்படுத்துவதோடு நின்றுவிடுகிறது. பொதியைப் பிரித்து இடத்தில் வைப்பதும் அமைவுகளை முடிப்பதும் அதன் கீழே இயங்கும் டிபிகேஜி என்ற கருவியின் வேலை. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனில் ஆப்ட் 1999இல் 2.1 பதிப்போடு வந்து சேர்ந்தது. டிபிகேஜி அதற்குச் சில ஆண்டுகள் மூத்தது. இரண்டும் தனித்தனிக் கருவிகள் என்பதால், கீழே இருக்கும் டிபிகேஜி ஏன் தோற்றது என்பது மேலே இருக்கும் ஆப்டுக்குத் தெரியாது. எனவே கடைசி வரியை விட்டுவிட்டு, பொதியின் பெயர் முதன்முதலாக வரும் இடத்தையும் அதற்கு நேர் மேலே உள்ள இரண்டு மூன்று வரிகளையும் படியுங்கள். திரையில் அவை ஓடிப்போயிருந்தால் /வார்/லாக்/ஆப்ட் அடைவில் டெர்ம் லாக் என்ற கோப்பில் அப்படியே இருக்கும்.

நீங்கள் தந்திருக்கும் நீண்ட வெளியீட்டில் அந்த இடத்தில் இருப்பது, ஒரு சேவையை (பின்னணியில் ஓடும் நிரல்), சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி கண்டுபிடிக்கவில்லை என்ற செய்தியும் வெளியேறு எண் 5ம். இதுதான் முடிச்சு. டெப் பொதிக்குள் கோப்புகளோடு நான்கு ஸ்கிரிப்ட்கள் (கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு கோப்புகள்) வரை இருக்கலாம்: நிறுவுவதற்கு முன், நிறுவிய பின், நீக்குவதற்கு முன், நீக்கிய பின் ஓடுபவை. அவை /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ அடைவில் பொதியின் பெயரோடு கிடக்கும். உங்கள் பொதியின் நிறுவிய பின் ஓடும் ஸ்கிரிப்ட், கணினியில் இல்லாத ஒரு சேவையைத் தொடங்கச் சொல்லித் தோற்றிருக்கிறது. நீக்குவதற்கு முன் ஓடும் ஸ்கிரிப்ட், தொடங்கவே தொடங்காத அதே சேவையை நிறுத்தச் சொல்லித் தோற்கிறது. ஸ்கிரிப்ட் சுழியம் அல்லாத எண்ணோடு வெளியேறினால் டிபிகேஜி அந்த வேலையைக் கைவிட்டுவிடும். நீக்குவது தோற்றதும், பொதியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் எண்ணத்தில் நிறுவிய பின் ஓடும் ஸ்கிரிப்டையே டிபிகேஜி மறுபடி அழைக்கும். நீக்கும்போதும் நிறுவல் பிழை தெரிந்து உங்களைக் குழப்பியதற்குக் காரணம் அதுவே. பாதி அமைந்த பொதியை முடித்துவைக்க ஒவ்வொரு ஆப்ட் ஓட்டத்திலும் முயற்சி நடப்பதால்தான், தொடர்பே இல்லாத மென்பொருளை நிறுவும்போதும் அதே பெயர் வருகிறது. அந்த மற்ற மென்பொருள்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே நிறுவப்பட்டிருக்கும். டிபிகேஜியின் பட்டியலில் அவற்றின் முன்னால் இரண்டு ‘ஐ’ எழுத்துகள் இருந்தால் கவலை இல்லை; அச்சுப்பொறிப் பொதியின் முன்னால் மட்டும் ‘ஐ’யும் ‘எஃப்’பும் இருக்கும்.

தீர்வு சிறியது. இன்ஃபோ அடைவில் அந்தப் பொதியின் பெயரோடு ‘ப்ரீஆர்எம்’ என்று முடியும் கோப்பை, அதாவது நீக்குவதற்கு முன் ஓடும் ஸ்கிரிப்டை, முதலில் உங்கள் வீட்டு அடைவில் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பிறகு சூடோ (நிர்வாகி) உரிமையோடு நானோ என்ற உரைத் திருத்தியில் திறந்து, சேவையை நிறுத்தும் வரியை எடுத்துவிட்டு அதே இடத்தில், எதுவும் செய்யாமல் வெற்றி என்று மட்டும் சொல்லும் ட்ரூ என்ற கட்டளையை மட்டும் எழுதுங்கள். வரியின் முன்னால் எண்குறி (#) போட்டுக் கருத்துரையாக்கினால் போதாதா என்று கேட்கலாம். அந்த வரி ஒரு நிபந்தனைக்குள் தனியாக இருந்தால் நிபந்தனையின் உள்ளே ஒன்றும் இல்லாமல் போய், ஸ்கிரிப்ட் இலக்கணப் பிழையில் நிற்கும். சேமித்த பிறகு சூடோ ஆப்ட் பர்ஜ் என்று எழுதிப் பொதியின் பெயரைத் தாருங்கள். நீக்கிய பின் ஓடும் ஸ்கிரிப்டிலும் அதே சேவையின் பெயர் இருந்தால், அங்கும் இதையே செய்ய வேண்டியிருக்கும். முடிந்ததும் டிபிகேஜியை ஆடிட் விருப்பத்தோடு ஓட்டுங்கள். அது எதுவும் சொல்லாவிட்டால் எல்லாம் சரி. நிறுவிய பின் ஓடும் ஸ்கிரிப்டில் இதைச் செய்து நிறுவலை முடித்துவிடலாமே என்ற எண்ணம் வரும். அப்போது பிழை மறையும், அச்சு வராது.

உங்களுக்கு ஏற்கெனவே கிடைத்த இரண்டு யோசனைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மறுநிறுவல் தேவை என்று குறிக்கப்பட்ட பொதியை வலிந்து நீக்கும் விருப்பம் இங்கே உதவாது. அது அந்தக் குறியை மட்டுமே பொருட்படுத்தாமல் விடும், ஸ்கிரிப்டின் தோல்வியை விடாது. இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பொதித் தரவுத்தளத்தில் எழுதாமல் காக்கும் பூட்டுக் கோப்பை அழிக்கச் சொன்ன யோசனையோ ஆபத்தானது. கோப்பு இருப்பதே பூட்டு என்று பலர் நினைக்கிறார்கள். எந்த வேலையும் நடக்காதபோதும் அந்தக் கோப்பு அங்கேதான் இருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல் அதன்மீது கர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) வழியாகப் போட்டிருக்கும் பிடியே பூட்டு. கோப்பை அழித்தால் அடுத்த நிரல் புதிய கோப்பை உண்டாக்கி அதைப் பூட்டிக்கொள்ளும். பிறகு இருவரும் ஒரே தரவுத்தளத்தில் எழுதுவார்கள். கணினி தொடங்கிய சற்று நேரத்தில் தானியங்கிப் புதுப்பிப்பு பின்னணியில் ஓடுவது வழக்கம் என்பதால் இது அரிதும் அல்ல. நான் சொன்ன அந்த இரண்டு நாட்களில் இதைச் செய்து, எந்தப் பொதி எந்த நிலையில் உள்ளது என்று டிபிகேஜி குறித்துவைக்கும் நிலைக் கோப்பைக் கெடுத்துக்கொண்டு, /வார்/பேக்கப்ஸ் அடைவில் இருந்த முந்தைய நாள் நகலால் மீண்டேன். 22.04இல் பூட்டை வைத்திருக்கும் நிரலின் பெயரும் எண்ணும் செய்தியிலேயே வரும்; அது முடியும்வரை காத்திருந்தால் போதும்.

பொதி போன பிறகு அதே டெப் கோப்பை மறுபடி இறக்காதீர்கள். அச்சுப்பொறி ஏர்ப்ரின்ட் (தனி இயக்கி இல்லாமல் அச்சிடும்) வசதி உள்ளதானால், உபுண்டுவின் அச்சு அமைப்பான கப்ஸ் தனி இயக்கி இல்லாமலே அதை அறிந்துகொள்ளும். அமைப்புகளில் அச்சுப்பொறிகள் பகுதியைத் திறந்து, அது தானாகப் பட்டியலில் வருகிறதா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் மாதிரி எண்ணை இங்கே எழுதுங்கள்.