மாமியிடம் யார் சொல்வது?

கேள்வி: என் கணவர் 9 வருஷமாக துபாயில் ஏ.சி. கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. இப்போது சம்பளம் கூடியிருக்கிறது. ‘ஃபேமிலி விசா எடுக்கட்டுமா’ என்று கேட்கிறார். மகள் 8ஆம் வகுப்பு, டாக்டர் ஆசை. மகன் 2ஆம் வகுப்பு. இருவரும் படிக்கும் மெட்ரிக் பள்ளியில்தான் நான் கணக்கு டீச்சர், பி.எட். முடித்திருக்கிறேன். மாமிக்கு, அதாவது அவர் அம்மாவுக்கு, 74 வயது. புது வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது. 80 சென்ட் ரப்பர் விளை (தோட்டம்) உண்டு, பக்கத்து விளையும் விலைக்கு வருகிறது. கல்யாணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யவில்லை. மாமியிடம் இன்னும் மூச்சு விடவில்லை. எனக்கும் அவரோடு இருக்க ஆசை இல்லாமல் இல்லை. போகலாமா, வேண்டாமா?
— பெயர் வேண்டாம், கருங்கல்

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம், இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். மகளின் படிப்புக்கு ஒரு பக்கம், மாமியின் முட்டுவலிக்கு ஒரு பக்கம், கடனுக்கும் ரப்பர் விலைக்கும் ஒரு பக்கம். கடைசிப் பக்கத்தின் அடியில், இடம் தீர்ந்துபோகிற நேரத்தில், ‘ஆசை இல்லாமல் இல்லை’ என்று ஒரு வரி. ஆசை இருக்கிறது என்று சொல்ல உங்களுக்கு இரண்டு ‘இல்லை’ தேவைப்பட்டிருக்கிறது, பாருங்கள்.

9 வருஷத்தில் 9 மாதம். பையனுக்கு 7 வயது என்றால், அப்பாவோடு அவன் இருந்தது எல்லா லீவையும் கூட்டினாலும் 7 மாதம்தான். நம் குமரி மாவட்டத்தில் இதை யாரும் கணக்காகப் பார்ப்பதே இல்லை. பெரிய கேட், மாடியில் பூட்டிக் கிடக்கும் அறைகள், கீழே டிவி முன்னால் தனியாக ஒரு பாட்டி என்று எத்தனை வீடு பார்த்திருப்பீர்கள்! என்னைக் கேட்டால், போங்கள். எப்போது, எப்படி என்பதுதான் இனிப் பேச்சு. பலரும் சறுக்குவது அங்கேதான்.

தேதியைக் குறிக்க வேண்டியது உங்கள் மகளின் வகுப்பு. அங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கும். பெரும்பாலும் சி.பி.எஸ்.இ.தான். 10ஆம் வகுப்புத் தேர்வுக்கான பதிவை அந்த வாரியம் 9ஆம் வகுப்பிலேயே முடித்துவிடும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் 9 படித்த பிள்ளையை நேரே 10இல் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரும்பாடு. ஆகவே உங்களுக்கு இரண்டே வாசல். இந்த ஏப்ரலில் 9ஆம் வகுப்புக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இங்கேயே 10 எழுதிவிட்டு 11க்குப் போக வேண்டும். ‘அடுத்த வருஷம் பார்ப்போம்’ என்று அவர் சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள்.

டாக்டர் படிப்பைப் பற்றி: 6 முதல் 12 வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் மருத்துவக் கலந்தாய்வில் நேட்டிவிட்டி சான்று (தமிழ்நாட்டுக்காரர் என்பதற்கான சான்று) கேட்பதில்லை. இடையில் வெளியே படித்தால், பெற்றோர் இந்த ஊர்க்காரர்கள் என்று காட்டும் ஆவணங்களோடு அந்தச் சான்றை வாங்க வேண்டும். வாங்கக்கூடியதுதான். உங்கள் இருவரின் பழைய பள்ளிச் சான்றுகளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

மகளைவிட எனக்கு மகனைப் பற்றித்தான் கவலை. என் தங்கை ஷார்ஜாவில் இருந்துவிட்டு வந்தாள். அவள் மூத்த மகன் இங்கே 11இல் சேர்ந்த புதிதில் தக்கலை பஸ் ஸ்டாண்டில் நின்று எனக்கு போன் போட்டான்: “பெரியம்மா, மஞ்ச எழுத்துல என்னமோ போட்டிருக்கு, இது நாகர்கோவில் பஸ்ஸா?” பதினாறு வயது. சிரித்துவிட்டேன், பிறகு சிரிப்பு வரவில்லை. அங்கே உங்கள் பையனுக்கு அரபியும் ஒரு பாடமாக இருக்கும், பல பள்ளிகளில் தமிழ் இருக்காது. தினமும் அவனை உட்காரவைத்துத் தமிழ் எழுதவைக்கிற வேலை டீச்சரம்மாவுக்குத்தான்.

இனி பணம். மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் அமீரகத்தில் குடும்ப விசா எடுக்கலாம். அது விசா கிடைப்பதற்கான கணக்கு. குடும்பம் நடத்துவதற்கு அல்ல. ஒரு பெட்ரூம் வாடகை (வருஷத்துக்குச் சில செக்குகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருக்கும்), இரண்டு பிள்ளைகளின் ஃபீஸ், பள்ளி பஸ், மூன்று பேருக்கு மருத்துவக் காப்பீடு. இவ்வளவையும் உங்கள் கணவர் விசாரித்து, மாதத்துக்கு எவ்வளவு வரும் என்று எழுதட்டும். அடுத்த மூன்று மாதம் அந்தத் தொகையை அங்கேயே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அதில் வீட்டுக் கடனும் மாமியின் மருந்தும் நடக்கிறதா பாருங்கள். நடந்தால் சரி. மூன்றாம் மாதமே நகையைக் கொண்டு அடகுக் கடைக்குப் போக வேண்டி வந்தால், பத்தாம் வகுப்பு முடியட்டும்.

உங்கள் மூவரின் விசாவும் அவர் வேலையில் தொங்குகிறது என்பதையும் மறக்க வேண்டாம். வேலை போனால் சில மாத அவகாசம்தான். வேலையை விடும்போது தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) முதல் 5 வருஷத்துக்கு வருஷம் 21 நாள் சம்பளம், அதற்கு மேல் 30 நாள் கணக்கு. உங்கள் கணவருக்கு இன்றைய தேதியில் 225 நாள் வரும், அதுவும் அடிப்படைச் சம்பளத்தில். அந்தக் காசை நம்பி இங்கே மாடி எடுக்காதீர்கள்.

காகித வேலையை இந்த வாரமே தொடங்குங்கள். கோயில் சர்டிபிகேட் மட்டும் போதாது. கல்யாணத்தை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தச் சான்றுக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுக்கும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அட்டெஸ்டேஷன் (சான்று உண்மை என்ற முத்திரை) வாங்க வேண்டும். கூடவே உங்கள் டிகிரியையும் பி.எட்.டையும் அனுப்பிவிடுங்கள். சொந்தச் சம்பளம் வாங்கிப் பழகிய கை, அங்கே போய் ஆறாவது மாதம் வேலை தேடத் தொடங்கும்.

பக்கத்து விளை விஷயம் சின்னதுதான், ஆனால் சிக்கல் உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். உங்கள் கணவர் இப்போதே அந்தக் கணக்கில்தான் வருகிறார். குடிபோய்விட்டால் நீங்களும் அப்படித்தான். வாங்குவதானால் போகும் முன்பே, உங்கள் பெயரில்.

மாமி தனியாக இருந்துவிடுவாரா என்று கேட்டிருந்தீர்கள். அதை என்னிடம் கேட்டு என்ன பயன்? குடும்ப விசாக்காரர்கள் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் அமீரகத்துக்கு வெளியே தங்காமல் இருந்தால் சரி, போய் வரலாம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளி லீவு. சாரல் விழுகிற அந்த நாட்களில் நீங்களும் பிள்ளைகளும் இங்கே மாமியோடு இருக்கலாம். மற்ற மாதங்களில் தக்கலையில் இருக்கும் நாத்தனார் வீட்டில் இருப்பாரா, இல்லை இந்த வீட்டிலேயே ஒரு ஆள் துணையோடு இருப்பாரா என்பதை மாமிதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் மறைப்பதாக நினைக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்க கருங்கல் ஜங்ஷனுக்குப் போன அன்றே மாமிக்குச் சேதி வந்திருக்கும். கேட்காமல் இருக்கிறார், அவ்வளவுதான். கணவர் அடுத்த மாதம் லீவில் வருகிறார் அல்லவா? போனில் வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். அவர் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். அந்த நேரம் நீங்கள் அடுக்களையில் சாயா போட்டுக்கொண்டிருங்கள், கூப்பிட்டால் மட்டும் வாருங்கள்.