ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டும் கால் வலிக்கிறதே?

கேள்வி: வயது 52. மூன்று மாதம் முன்பு இடது காலில் ரத்தம் உறைந்து கட்டியானதிலிருந்து ரிவரோக்ஸபான் 20 மி.கி. தினமும் சாப்பிடுகிறேன். ஆனாலும் மாலையானால் கெண்டைக்கால் வலிக்கிறது. மறுபடியும் கட்டி வந்துவிட்டதோ என்று பயம். மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போடலாமா?

பதில்: முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், இந்த மாத்திரை கட்டியை நேரடியாகக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல், புதிதாக வராமல் தடுக்கும், அவ்வளவுதான். கரைக்கிற வேலையை உடம்பே மெதுவாகச் செய்கிறது, அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் ரத்தக் குழாயின் உள்ளே இருக்கும் வால்வுகள் பழுதாகியிருந்தால், நாள் முழுக்க நின்று வேலை செய்யும்போது ரத்தம் மேலே ஏறாமல் காலிலேயே தேங்கி, மாலையில் கனத்து வலிக்கும், காலை எழுந்தால் குறைந்திருக்கும். உங்கள் வலி பெரும்பாலும் இந்த வகையாக இருக்கலாம். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வையுங்கள், தினமும் நடங்கள்.

ஆனால் நேரில் பார்க்காமல் நான் உறுதி சொல்ல மாட்டேன். முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் இரண்டு காலையும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். ஏற்கெனவே பாதித்த கால் என்பதால் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அது கூடிக்கொண்டே போனாலோ, கால் சிவந்து சூடானாலோ அன்றைக்கே போய் டாப்ளர் ஸ்கேன் (காலில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டும். திடீர் வலியோடு தோல் நீலம் பாரித்தால் அது தசைக்குள் ரத்தக் கசிவாகவும் இருக்கலாம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ காத்திருக்கவே வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள்? 20 மி.கி. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் உடம்பில் சரியாகச் சேராது, சாப்பாட்டோடுதான் போட வேண்டும். நடுவில் சில நாள் விட்டிருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், உங்கள் பயத்துக்கு இடமிருக்கிறதா என்பது அதில்தான் பெரும்பாலும் தெரியும்.

வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபன் இரண்டும் வேண்டாம், வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். கல்லீரல் பிரச்சினை இல்லையென்றால் பாராசிட்டமால் போதும். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவும் யாரையும் விடாதீர்கள். அப்புறம், மூன்று மாதம் ஆகிவிட்டதே என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. மூன்று மாதம் என்பது குறைந்தபட்ச அளவு, கட்டி எதனால் வந்தது என்று பார்த்துத்தான் உங்கள் மருத்துவர் மீதியை முடிவு செய்வார். அவரிடம் இந்த வாரமே போய் வாருங்கள்.