பேரனைத் தூக்க மணிக்கட்டு தாங்குமா?

கேள்வி: எனக்கு வயது 67. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். 12 வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, கிளிமிபிரைடு 1 காலையில், பிரஷருக்கு அம்லோடிபின் 5 இரவில் சாப்பிடுகிறேன். மே மாத நடுவில் பெங்களூரிலிருந்து மகள் குழந்தைகளோடு வந்து 25 நாள் தங்கப் போகிறாள். பேத்திக்கு 4 வயது. பேரனுக்கு அப்போது 11 மாதம் ஆகியிருக்கும். போன தீபாவளிக்கு வந்தபோது அவனைத் தூக்கித் தூக்கி, வலது கட்டைவிரல் அடியில் பிடித்த வலி பொங்கல் வரை விடவில்லை. இந்த முறை தூக்கவே கூடாது என்று மகள் இப்போதே கண்டிப்பாகச் சொல்கிறாள். பேரனைத் தூக்காமல் எப்படி டாக்டர் இருப்பது? இன்னொன்று, பேத்தி போனில் பேசுவது எனக்குப் பாதி புரிவதில்லை. சும்மா 'ம்' கொட்டிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தூக்கலாம் அம்மா. ஆனால் தரையிலிருந்து குனிந்து தூக்கக் கூடாது. கட்டைவிரலை விரித்துத் தூக்கக் கூடாது. தூக்கிக்கொண்டு நடக்கவும் கூடாது. இந்த மூன்றையும் விட்டால் மகளின் பயத்துக்கு அவசியம் இருக்காது. குழந்தைகள் வர இன்னும் 6 வாரம் இருக்கிறது. உடம்பைத் தயார்செய்ய அது போதும்.

முதலில் கட்டைவிரல். கைக்குழந்தையைத் தூக்கும்போது எல்லோரும் என்ன செய்கிறோம்? இரண்டு கையின் கட்டைவிரலையும் மேல்நோக்கி விரித்து, குழந்தையின் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்குகிறோம். அப்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வளைந்து, முழு எடையும் கட்டைவிரலைத் தூக்கும் இரண்டு தசைநாண்களில் விழுகிறது. அந்த இரண்டும் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. திரும்பத் திரும்ப உரசினால் உறை தடித்துப்போய், நாண் உள்ளே வழுக்கி ஓட முடியாமல் வலிக்கிறது. புதிதாகப் பிரசவித்த தாய்மாருக்கும் பாட்டிகளுக்கும் இது அதிகம் வருகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தசைநாண் உறைத் தொல்லைகள் பொதுவாகவே அதிகம். உங்களுக்கு வந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

வலி முழுக்கப் போய்விட்டதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நான்கு விரலாலும் அதை மூடுங்கள். அப்படியே மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். லேசாக இழுப்பது இயல்பு. கட்டைவிரல் அடியில் சுரீரென்று வலித்தால் உள்ளே இன்னும் ஆறவில்லை. எலும்பு மருத்துவரைப் பார்த்து, கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை ஒன்று வாங்கி 4 முதல் 6 வாரம் போடுங்கள். மணிக்கட்டை மட்டும் சுற்றும் பட்டை இதற்கு உதவாது. கட்டைவிரல் அசைந்துகொண்டே இருந்தால் நாணும் உரசிக்கொண்டே இருக்கும். பட்டைக்குக் கேட்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். அதனால் சர்க்கரை இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி தூக்கும் முறை. ஐந்து விரலையும் சேர்த்து, உள்ளங்கை மேலே பார்க்க, முறம் போல வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை குழந்தையின் பிட்டத்துக்கு அடியில், இன்னொரு கை முதுகில். முதலில் குழந்தையை உங்கள் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள், பிறகு தூக்குங்கள். எடையை முழங்கையும் முன்கையும் வாங்க வேண்டும், மணிக்கட்டு வளையாமல் நேராக நிற்க வேண்டும். கையை நீட்டித் தூக்கினால் அதே 9 கிலோ முதுகெலும்புக்குப் பல மடங்காகத் தெரியும். அரிசி போட்ட 2 கிலோ பையை மேஜைமேல் வைத்து இப்படித் தூக்கிப் பழகுங்கள். ஒரு நாளைக்கு 10 தடவை, வலி இல்லாவிட்டால் வாரத்துக்கு ஒரு கிலோ கூட்டுங்கள். தீபாவளிக்குப் பேரன் 7 கிலோ இருந்திருப்பான். இப்போது 9 கிலோவுக்குப் பக்கம் வந்திருப்பான். நெளிந்து, துள்ளி, பின்பக்கம் சாய்கிற வயது வேறு. பழகாத கை இதற்குத் தயாராக இருக்காது.

முழங்கால் கதை வேறு. நடக்கும்போது மூட்டில் விழும் பாரம் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு. படி இறங்கும்போது இன்னும் கூடும். இடுப்பில் 9 கிலோவை வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தால், ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்கு 18 முதல் 27 கிலோ வரை கூடுதலாக ஏறுகிறது. நடந்தபடி நிலா காட்டிச் சோறு ஊட்டும் ஆசையை மகளிடமும் மாப்பிள்ளையிடமும் விட்டுவிட வேண்டியதுதான். அவர்கள் தூக்கிக்கொள்ளட்டும், நீங்கள் கூடவே நடந்து ஊட்டுங்கள். குழந்தைக்கு ஊட்டும் கையைத்தான் நினைவிருக்கும்.

உட்கார்ந்த இடத்தில் வாங்கிக்கொள்வதுதான் உங்களுக்கு ஏற்றது. கைப்பிடி உள்ள, 18 அங்குல உயர நாற்காலி ஒன்றைக் கூடத்தில் போடுங்கள். கீழே பாய். 11 மாதத்தில் பெரும்பாலான குழந்தைகள் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவன் தவழ்ந்து வந்து, உங்கள் புடவையைப் பிடித்து, முழங்காலில் கை ஊன்றி எழுந்து நின்றுவிடுவான். இப்போது அவன் அக்குள் உங்கள் மடி உயரத்தில் இருக்கிறது. நேராக உட்கார்ந்தபடியே பிட்டத்துக்கு அடியில் கை கொடுத்து மடிக்கு ஏற்றிவிடலாம். குனிய வேண்டாம், எழ வேண்டாம். அவன் கால் வலுப்படவும் இது நல்ல பயிற்சி. பேத்தி 16 கிலோ இருப்பாள், அவளை நீங்கள் தூக்கவே வேண்டாம். தம்பியைத் தூக்கினால் தன்னையும் தூக்கச் சொல்வாள். பாட்டி மடிக்கு அவளாகவே ஏறி உட்காரச் சின்ன முக்காலி ஒன்று போட்டுவைத்தால் அதையே பெருமையாக எடுத்துக்கொள்வாள்.

தரையில் உட்கார ஆசை வரும். நாளுக்கு ஒன்றிரண்டு தடவை உட்காரலாம், ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும். எழும்போது குழந்தை கையில் இருக்கக் கூடாது. ஒரு பக்கம் திரும்பி இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றுங்கள். முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வை வைத்து, தவழும் நிலைக்கு வந்து, கைகளைக் கட்டில் விளிம்பில் வையுங்கள். எந்தக் கால் வலுவோ அந்தப் பாதத்தை முன்னால் ஊன்றி, கையால் அழுத்தி எழுந்திருங்கள். எழுந்ததும் இரண்டு மூச்சு விட்டு அப்படியே நில்லுங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு எழுந்தவுடன் தலை சுற்றலாம்.

இன்று முதல் இரண்டே பயிற்சி போதும். அதே நாற்காலியில் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டி, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். காலையில் 8, மாலையில் 8. இரண்டு வாரத்தில் 12 ஆக்கி, பிறகு தலையணையை எடுத்துவிடுங்கள். 'பொத்'தென்று உட்கார்ந்தால் பயன் பாதிதான், தொடைத் தசை உழைப்பதே மெதுவாக இறங்கும்போதுதான். அடுத்தது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்து, மற்றதை நேராக ஒரு அடி உயரம் தூக்கி 5 எண்ணும்வரை நிறுத்துங்கள். காலுக்கு 10 தடவை. செய்த அன்று லேசாக வலிப்பது பரவாயில்லை. மறுநாள் மூட்டு வீங்கினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாத்திரைகள்தான் அது. உங்களுக்கு அளவாக வேலை செய்யும் ஒரே ஒரு கிளிமிபிரைடு மாத்திரை, சர்க்கரை நோய் இல்லாத குழந்தையின் ரத்தச் சர்க்கரையை உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். விழுங்கிய உடனே தெரியாது. பல மணி நேரம் நன்றாக விளையாடிக்கொண்டிருந்துவிட்டு, தூக்கத்தில் சுருண்டுபோகலாம், வலிப்பும் வரலாம். அம்லோடிபினும் குழந்தையின் ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். வாரத்தின் ஏழு நாளுக்கும் கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பா வைத்திருப்பீர்கள். ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரியே சத்தம் வரும். 4 வயதுக் குழந்தை அதை நொடியில் திறந்துவிடும், அட்டையிலிருந்தும் மாத்திரையைப் பிதுக்கத் தெரியும். தலையணைக்கு அடி, கைப்பை, டிவி மேல், ஃபிரிட்ஜ் கதவு எதுவும் பாதுகாப்பான இடம் இல்லை. பூட்டு உள்ள பீரோவின் மேல்தட்டு ஒன்றே இடம். சாவி உங்கள் இடுப்பில் இருக்கட்டும். மாத்திரையை மேஜை அருகில் உட்கார்ந்து, வெளிச்சத்தில், எண்ணிப் போட்டுக்கொள்ளுங்கள். கை தவறி விழுந்ததை நீங்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் தவழ்கிற குழந்தை கண்டுபிடித்துவிடும். மாத்திரையை மிட்டாய் என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள்.

விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாயில் மிச்சம் கண்ணுக்குத் தெரிந்தால் எடுத்துவிட்டு, அட்டையோடு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. குழந்தை நன்றாக இருக்கிறது என்று வீட்டில் காத்திருக்கவும் கூடாது. சர்க்கரை மாத்திரை என்றால் ஒரு நாளாவது அங்கே வைத்துக் கவனிப்பார்கள். அதற்குச் சம்மதியுங்கள். சாமி அலமாரியில் உள்ள கற்பூரமும் இதே ரகம்தான். கற்கண்டு போல இருக்கும் அது சிறு குழந்தைக்குச் சில நிமிடங்களிலேயே வலிப்பைக் கொண்டுவரும். நீலகிரித் தைலமும் பூட்டுக்குள் போகட்டும்.

அக்கா தம்பிக்கு ஊட்டுவாள், அதையும் எதிர்பாருங்கள். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, சீடை, முழுத் திராட்சை, பல்லாங்குழியின் புளியங்கொட்டை எதுவும் அவன் கைக்கு எட்டக் கூடாது. தொண்டையில் அடைத்து, அழவும் இருமவும் முடியாமல் திணறினால், நீங்கள் உட்கார்ந்து அவனைத் தொடைமேல் குப்புறப் போடுங்கள். தலை தாழ்ந்திருக்க வேண்டும், தாடையைக் கையால் தாங்கிக்கொள்ளுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோள்பட்டைகளுக்கு நடுவே 5 தட்டு, சற்று பலமாக. வெளிவராவிட்டால் மல்லாத்தி, நடுமார்பெலும்பின் கீழ்ப்பாதியில் இரண்டு விரலால் 5 அழுத்து. மாற்றி மாற்றிச் செய்துகொண்டே ஆளைக் கூப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடும்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நன்றாகவே செய்யுங்கள். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவில் கொண்டுவிடும். ஒரு வயது முடியும்வரை நாக்கில் தேன் தடவவும் வேண்டாம். குளித்து முடித்ததும் வாளித் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சில அங்குலத் தண்ணீரே தவழும் குழந்தைக்கு ஆபத்து.

உங்கள் சர்க்கரைக்கு வருகிறேன். காலையில் கிளிமிபிரைடு போட்டுவிட்டு, குழந்தைகள் சாப்பிட்ட பிறகு நாம் சாப்பிடலாம் என்று 10 மணி வரை ஓடிக்கொண்டிருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல் வரும். அந்த நேரத்தில் பேரன் கையில் இருந்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து. இந்த 25 நாளும் முதல் தட்டு உங்களுடையதாக இருக்கட்டும். மாத்திரை போட்டதும் டிபன், மதியம் 1 மணிக்குச் சாப்பாடு. அறிகுறி தெரிந்தால் குழந்தையைக் கீழே விட்டுவிட்டு, 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. மாத்திரை அளவை நீங்களாக மாற்ற வேண்டாம், ஊருக்கு அவர்கள் வருமுன் உங்கள் மருத்துவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். அப்படியே ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். அது வேலை செய்ய 2 வாரம் ஆகும். சர்க்கரை உள்ளவர் என்பதால் நிமோனியா தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். வீட்டில் யாருக்காவது 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், குழந்தைகள் வருமுன் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். பணம் எதுவும் கட்ட வேண்டாம். காசநோய் கைக்குழந்தைகளைத் தாக்கினால் மூளை வரை போகக்கூடியது.

மகளிடம் ஒன்றைக் கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள். இரண்டு குழந்தைகளோடும் உங்களைத் தனியாக விட்டுவிட்டு அவள் வெளியே போவது, ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மதியம் ஒரு மணி நேரம் நீங்கள் படுக்க வேண்டும். களைத்த பாட்டிதான் விளையாட்டுச் சாமான் தடுக்கி விழுகிறார், இந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான்.

கடைசியாக, பேத்தியின் பேச்சு. போன் ஒரு காரணம், ஆனால் அதை மட்டும் பழி சொல்ல முடியாது. வயதாகும்போது முதலில் போவது உச்சத் தொனிகள் கேட்கும் திறன். குழந்தைக் குரல் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ச, த, ப போன்ற மெல்லிய ஓசைகள் நழுவிப்போக, குரல் கேட்கும், சொல் புரியாது. கத்திப் பேசச் சொன்னால் இன்னும் குழம்பும். முதலில் காது மருத்துவரிடம் போய்க் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை எடுத்தாலே சிலருக்குத் தெளிந்துவிடும். அதன்பின் கேட்கும் திறன் பரிசோதனை. கருவி தேவை என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். மாட்டிய அன்றே நன்றாகக் கேட்டுவிடாது. மிக்ஸிச் சத்தமும் மின்விசிறிச் சத்தமும் முதலில் தொந்தரவு செய்யும். மூளை அதைப் பழகிக்கொள்ளச் சில வாரம் ஆகும். பேத்தி வந்ததும் டிவியை அணைத்துவிட்டு, ஜன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழும்படி எதிரே உட்காரவையுங்கள். வாயசைவே பாதியைச் சொல்லிவிடும். புரியாத இடத்தில் 'ம்' கொட்டாமல், 'இன்னொரு தடவை சொல்லுடா கண்ணு' என்று கேளுங்கள். 4 வயதுக் குழந்தை சலிக்காமல் சொல்லும். காது மருத்துவரிடம் இந்த வாரமே போய்விடுங்கள் அம்மா, 6 வாரம் அதற்குத்தான் சரியாக இருக்கும்.